தெரியாமையும் ஒரு சட்டம்தான்

மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில், மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லையாக அது ஓடுகிற நீளம் முழுவதும், நீர் உறைந்த நாளிலிருந்து உறைபனி உடைகிற நாள்வரை 'லைவ் சோனார்' கருவியோடு யாரும் மீன் பிடிக்கக் கூடாது. விழிப்புணர்வு, 'பொறுப்போடு பயன்படுத்துங்கள்' என்கிற அறிவுரை, இதெல்லாம் போதாது. தடைதான் வேண்டும். இதை முதல் பத்தியிலேயே சொல்லிடுறேன். ஏன்னா இந்த விஷயத்தைப் பேசுகிற பலரும் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு என்று தொடங்கி, அதே இடத்தில் வந்து முடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருப்பது உண்மை. நியாயம் ஒரு பக்கம்தான் கனமாக இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காக முதலில் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் அந்த ஆற்றின் ஒதுங்கிய பகுதிகள் கெட்டியாக உறைந்துபோகும். நான்கு அங்குலத் தடிமன் வந்தால் ஆள் நடக்கலாம் என்பது பொதுக்கணக்கு. ஓடுகிற ஆற்றில் அதையும் முழுசா நம்ப முடியாது. நிற்கிற இடத்தில் ஆறு அங்குலம் இருக்கும், பத்தடி தள்ளி இரண்டுதான் இருக்கும். 'ஆகர்' என்கிற சுருள் துளைப்பானால் ஒரு சின்னத் துளை போடுவார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார்கள். குட்டைத் தூண்டில் கோல், தலைமுடி மாதிரி நரம்பு, அரிசி அளவுக்கு ஒரு டங்ஸ்டன் குண்டு வைத்த கொக்கி, அதில் ஒரு மெழுகுப்புழு. அவ்வளவுதான் சாமான். 1993-ல் வந்த 'கிரம்பி ஓல்ட் மென்' படத்தில் ஜாக் லெமனும் வால்டர் மாத்தாவும் உறைந்த நீர்மேல் உட்கார்ந்து சண்டை போடுவார்களே, அந்தக் கதை நடக்கிற வபாஷா ஊர் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

பிடிப்பது கிராப்பி, புளூகில், மஞ்சள் பெர்ச். எல்லாம் உள்ளங்கையிலிருந்து ஒரு சாண்வரை இருக்கிற மீன்கள். இவற்றுக்கு மொத்தமாக ஒரு பேர் உண்டு: பான்ஃபிஷ். அதாவது வாணலிக்குள் அடங்குகிற மீன். வால்ஐக்கும் மஸ்கிக்கும் கம்பீரம், போராட்டம் என்று எவ்வளவோ கதை இருக்கிறது. இந்தச் சின்ன மீனுக்கு மட்டும் அதைப் பொரிக்கிற பாத்திரத்தின் பேரையே வைத்துவிட்டார்கள். குழந்தைகள் முதலில் பிடிக்கிற மீன் இது. கையில் காசில்லாதவர்கள் வாளி நிறைய வீட்டுக்குக் கொண்டுபோகிற மீனும் இதுதான். அதனாலேயே இதற்காக யாரும் கொடி பிடிப்பதில்லை.

*

குளிர்காலத்தில் இந்த மீன்கள் எங்கே இருக்கின்றன என்பது புரியாமல் இந்த விவாதமே புரியாது.

தண்ணீர் நான்கு டிகிரி செல்சியசில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் அசையாத நீரில் மேலே உறைந்து கிடக்கும்போதும் அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பு மிஞ்சும். ஓடுகிற ஆற்றில் அந்த வசதி இல்லை. ஓட்டம் மேலும் கீழும் கலக்கிவிடுவதால் முதன்மைக் கால்வாயில் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான். அந்தக் குளிரில் புளூகில் மாதிரி ஒரு மீனால் ஓட்டத்தை எதிர்த்து நிற்க முடியாது. உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகிக் கிடக்கிற நேரம் அது. ஆகவே அவை ஓட்டமில்லாத ஒதுக்குநீருக்குப் போகின்றன.

அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. உறைபனிமேல் வெண்பனி விழுந்து மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது. நீர்ச்செடி ஆக்சிஜன் உண்டாக்குவது நின்றுவிடும். அழுகுகிற செடி இருக்கிற ஆக்சிஜனையும் தின்னும். ஆழமில்லாத இடத்தில் மீன் மூச்சுத்திணறிச் சாகும். 1990-களில் ஆய்வாளர்கள் இந்த ஆற்றின் புளூகில்களிலும் கருங்கிராப்பிகளிலும் ரேடியோக் கருவி பொருத்திக் குளிர்காலம் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அவை இடம் மாறின. ஒரு டிகிரிக்கும் கீழே குளிர்ந்த நீரைத் தவிர்த்தன. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஓட்டம் இருந்த இடத்தையும் தவிர்த்தன. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது நம் கண்ணுக்கு ஓட்டமே இல்லை. எறும்பு அதைவிட வேகமாகப் போகும்.

ஓட்டம் கூடாது, ரொம்பக் குளிரும் கூடாது, மூச்சு மட்டும் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் எவ்வளவு இருக்கும்? தமிழில் மடு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, ஆற்றுக்குள் ஆழமாகத் தேங்கிக் கிடக்கிற குழி. அப்படிப்பட்ட சில மடுக்கள்தான். கோடையில் பல மைல் பரப்பில் சிதறிக் கிடந்த மீன்கள் ஜனவரியில் இந்தச் சில மடுக்களுக்குள் ஒண்டிக்கொள்கின்றன. அங்கிருந்து வெளியே போனால் சாவு. மீனுக்கு அந்த மடு வீடாகவும் இருக்கிறது, சிறையாகவும் இருக்கிறது.

மடுக்கள் குறைந்துபோனதற்கும் மனிதன்தான் காரணம். சரக்குப் படகுகள் போக ஒன்பதடி ஆழக் கால்வாய் வேண்டும் என்று 1930-ல் அமெரிக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அடுத்த பத்தாண்டில் மேல் மிசிசிப்பியில் வரிசையாக மதகணைகள் எழுந்தன. லா கிராஸ் நகருக்கு மேலே ஏழாம் எண் அணை 1937-ல் வந்தபோது ஒனலாஸ்கா ஏரி உருவானது. இன்றைக்கும் புளூகில் பிடிக்கிறவர்கள் குளிர்காலத்தில் குவிகிற இடம் அது. தொடக்கத்தில் அணைகள் மீனுக்கு நல்லதுதான் செய்தன. தாழ்நிலங்கள் மூழ்கி ஏகப்பட்ட ஒதுக்குநீர் பெருகியது. அப்புறம் அலை அரித்து தீவுகள் கரைந்தன. வயல்களிலிருந்து அடித்துவந்த வண்டல் குழிகளை நிரப்பியது. ஆழமாக இருந்தது சேறாயிற்று. 1986-ல் மத்திய அரசு இந்த ஆற்றைச் சீரமைக்க ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. அதில் மீன் குளிர்காலத்தைக் கழிப்பதற்கென்றே மடுக்களைத் தோண்டுகிறார்கள், ஓட்டத்தைத் தடுக்கத் தீவுகளைத் திரும்பக் கட்டுகிறார்கள். எல்லாம் மக்கள் வரிப்பணம்.

ஆக, மீன் பிழைக்கட்டும் என்று காசு கொட்டிக் குழி தோண்டுகிறோம். தோண்டிய குழிக்கு மேலேயே துளை போட்டு, உள்ளே எத்தனை மீன் இருக்கிறது என்று டிவி பார்க்கிறோம்.

*

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறைபனிமேல் மின்னணுக் கருவி புதுசில்லை. பல பத்தாண்டுகளாக 'ஃபிளாஷர்' இருக்கிறது. வட்டமான முகப்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குக் கோடுகள் தெரியும். உங்கள் துளைக்கு நேர் கீழே ஒரு கூம்புக்குள் ஏதாவது வந்தால் ஒரு கோடு மினுங்கும். அது வராவிட்டால் எழுந்து வேறெங்காவது துளை போட வேண்டியதுதான். மீன் எந்தப் பக்கம் போனது என்று ஃபிளாஷருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

2018-ல் கார்மின் நிறுவனம் 'லைவ்ஸ்கோப்' கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் மற்ற நிறுவனங்களும் அதே மாதிரிக் கருவிகளை இறக்கின. ஒரு கம்பத்தின் நுனியில் இருக்கிற உணரியைத் துளைக்குள் இறக்கித் திருப்பினால் போதும். நூறடி தூரம்வரை பக்கவாட்டில், நிகழ்நேரத்தில் திரையில் தெரியும். மீன் நீந்துவது தெரியும், கூட்டம் விலகுவது தெரியும், எது பெரிசு எது சின்னது என்று ஓரளவு தெரியும், உங்கள் கொக்கி இறங்குவதும் அதை மீன் திரும்பிப் பார்ப்பதும் தெரியும். ஆழம் குறைந்த நீருக்கென்று மேலிருந்து பார்ப்பது போன்ற காட்சிமுறையும் இருக்கிறது. திரை, பேட்டரி எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும்.

இதை 'இன்னும் ஒரு கருவி' என்று சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறைக்கிறார்கள். ஆகர் உங்கள் கைக்குப் பலம் கொடுத்தது. ஃபிளாஷர் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் உங்களுக்குக் கண் கொடுத்தது. தேர்வு உங்களுடையதாகவே இருந்தது, அது பெரும்பாலும் தப்பாகவும் இருந்தது. லைவ் சோனார் அந்தத் தப்பையே நீக்குகிறது. இத்தனை காலம் மீனைப் பாதுகாத்தது அந்தத் தப்புதான்.

இந்த எல்லை நீரில் 2020 வரை ஒரு நாளைக்கு ஒருவர் 25 புளூகில், 25 கிராப்பி வரை எடுக்கலாம் என்று இருந்தது. அந்த வருடம் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் 25 என்ற எண்ணை முதலில் வைத்தவர்கள், எல்லோரும் தினமும் 25 பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டு வைக்கவில்லை. அப்படிப் பிடித்திருந்தால் மடுக்கள் எப்போதோ காலி. அது ஒரு கூரை, அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் அந்தக் கூரையைத் தொட்டதே கிடையாது. நாலு மீன் கிடைக்கும், ஆறு கிடைக்கும், பல நாள் ஒன்றுமே கிடைக்காது. காலையிலிருந்து பன்னிரண்டு துளை போட்டு, கால்விரல் மரத்துப்போய், வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். புத்தகத்தில் இருந்த சட்டம் 25. ஆற்றில் நடைமுறையில் இருந்த சட்டம் தெரியாமை. அதுதான் உண்மையான வரம்பு. அதை அமல்படுத்த அதிகாரி தேவைப்படவில்லை, அபராதம் தேவைப்படவில்லை. அதை ஏமாற்றவும் வழியில்லை.

இப்போது ஒரு இயந்திரம் அந்தச் சட்டத்தை ரத்து செய்திருக்கிறது. எந்தச் சட்டமன்றமும் ஓட்டெடுக்கவில்லை, எந்தப் பொதுக்கூட்டத்திலும் யாரும் கை தூக்கவில்லை. புத்தகத்தில் ஒரு வரிகூட மாறாமல் சட்டம் மாறிவிட்டது.

இது மீனோடு நிற்கிற விஷயமில்லை, உங்களுக்கே தெரியும். தெருவில் நடக்கிற ஒருவரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எல்லா ஊரிலும் விட்டிருந்தார்கள். ஏன்? எல்லோரையும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க எவனாலும் முடியாது என்பதால். கேமராவும் முகமறியும் மென்பொருளும் வந்தபின் அதே அனுமதிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. மனிதனின் இயலாமையை நம்பி எழுதின ஒவ்வொரு விதியும் இப்படித்தான் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

*

எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: '15 என்றால் 15. எப்படிப் பிடித்தால் என்ன?' சரி, அப்படியே வச்சுக்குவோம். 15 மீனும் ஒன்றா? புளூகிலில் ஆண் மீன்தான் கூடு தோண்டும். முட்டைக்குக் காவல் நிற்கும், துடுப்பால் விசிறும். பெரிய ஆண்கள் இருக்கும்வரை சின்ன ஆண்கள் அவற்றோடு போட்டி போட முடியாமல் முதலில் உடம்பை வளர்க்கின்றன. பெரியதையெல்லாம் நாம் பொறுக்கி எடுத்துவிட்டால் சின்னதுகளுக்கு வளர வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. சின்ன வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன, வளர்ச்சி நின்றுபோகிறது. கொஞ்ச வருடத்தில் அந்த நீர் முழுக்க விரல் நீள மீன்தான் மிஞ்சும். எண்ணிக்கை குறைந்திருக்காது, குறைந்திருப்பது அளவு. வடக்கே ஒரு புளூகில் எட்டு அங்குலம் வளர ஏழெட்டு வருடம்கூட ஆகலாம். மின்னசோட்டா சில ஏரிகளில் 2021 முதல் தினவரம்பை ஐந்துக்கும் பத்துக்கும் இறக்கிக்கொண்டு வருவது இதற்காகத்தான். 'எத்தனை' என்பதைவிட 'எது' என்பதுதான் இந்த மீனின் தலைவிதி. தேர்ந்தெடுக்க வசதி செய்து கொடுக்கிற கருவியை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவது வாதமே இல்லை.

இரண்டாவது: 'நாங்கள் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறோம்.' கிராப்பியின் காற்றுப்பையில் இருக்கிற காற்றை அதனால் சட்டென்று வெளியே விட முடியாது. ஆழமான ஏரியில் முப்பதடிக்குக் கீழிருந்து இழுத்தால் அந்தப் பை உப்பிக்கொள்ளும். நீங்கள் விட்டது நீந்திப்போன மாதிரி தெரியும், பிறகு உறைபனிக்கு அடியில் செத்து மிதக்கும். ஆற்று மடுவில் அவ்வளவு ஆழமில்லை, ஒத்துக்கிறேன். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி காற்றில் அளவு பார்த்து, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ஈரமான கண்ணும் செவுளும் உறைய ஆரம்பித்துவிடும். குளிர்காலத்தில் விடுதலை கொடுப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை.

மூன்றாவது: 'எங்கே கோடு போடுவீர்கள்? மோட்டார் ஆகரும் ஜிபிஎஸ்ஸும் தடையா?' இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இதற்குப் பதிலே கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பதில் இருக்கிறது. சட்டம் எப்போதுமே எண்ணிக்கையோடு வழிமுறையையும் கட்டுப்படுத்தித்தான் வந்திருக்கிறது. மின்னசோட்டாவில் பொதுவாக உறைபனிமேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில், விஸ்கான்சினில் மூன்று. பிடிக்கிற மீனுக்குத்தான் வரம்பு இருக்கிறதே, அப்புறம் பத்து தூண்டில் போட்டால் என்ன? யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இதைவிட நல்ல உதாரணம் அதே ஆற்றின்மேல் பறக்கிறது. வாத்து. 1935-ல் அமெரிக்க மத்திய அரசு வாத்து வேட்டைக்குத் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்றது. இரை தூவி வரவழைக்கக் கூடாது, உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றதைக் கூப்பிடக் கூடாது என்றது. அப்போதும் தினவரம்பு இருந்தது. வரம்புதான் இருக்கிறதே என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. பறவைக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். மூன்று என்பது தன்னிச்சையான எண்தான். நான்காக இருந்திருக்கலாம், இரண்டாக இருந்திருக்கலாம். ஆனாலும் கோடு போட்டார்கள், அது இன்றுவரை நிற்கிறது. வாத்துக்குக் கிடைத்த நியாயம் வாணலிப் பேர் வைத்த மீனுக்குக் கிடைக்காதா?

பணம் புரளும் இடத்தில் கோடு ஏற்கெனவே வந்துவிட்டது. பாஸ் மீன் போட்டிகளில், மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பின் முதன்மைத் தொடர் 2025-ல் ஒரு நாள் ஆட்டத்தின் மூன்று கட்டங்களில் ஒன்றில் மட்டுமே இந்தக் கருவியை அனுமதித்தது. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றால் ஆட்டம் பார்க்கச் சகிக்காது என்பதும் அங்கே எழுந்த முக்கியமான புகார்களில் ஒன்று. அதாவது பார்வையாளரின் சலிப்புக்குக்கூடக் காது கொடுக்கிறார்கள். மடுவில் ஒண்டியிருக்கிற மீனுக்குப் பார்வையாளர் யாரும் இல்லை.

நான்காவது: 'வயதானவர்கள், மூட்டுவலிக்காரர்கள் முப்பது துளை போட முடியாது. அவர்களுக்கு இது உதவி.' இதுதான் நேர்மையான வாதம். தடை வந்தால் அவர்களுக்கு இழப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபிளாஷர் இருக்கட்டும், துளை போட்டுத்தர ஒரு கூட்டாளி இருக்கட்டும். ஆனால் இரண்டாயிரம் டாலர் கருவியின் விளம்பரங்கள் குறிவைப்பது அவர்களைத்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இந்த வாதத்தைச் சொல்லுங்கள். முதியவரை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்வது பழைய தந்திரம்.

ஐந்தாவது வாதம் வெளிப்படையாக வருவதில்லை, முணுமுணுப்பாக வரும். 'கருவியா காரணம்? வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போகிறார்களே, அவர்கள்தான் காரணம்.' அவர்கள் என்றால் யார்? பெரும்பாலும் ஹ்மாங் மக்கள். லாவோஸில் அமெரிக்காவுக்காகப் போரிட்டு, 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்து, செயின்ட் பாலிலும் லா கிராஸிலும் குடியேறியவர்கள். மீனைச் சாப்பிடுவதற்காகப் பிடிக்கிறவர்கள் அவர்களில் நிறைய. சட்டப்படி 15 பிடித்து, சின்னதும் பெரிசுமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிற குடும்பத்தைக் கொள்ளைக்காரன் மாதிரி பார்ப்பது. திரையைப் பார்த்து அந்த மடுவின் மிகப் பெரிய ஆண்களாக 15 பொறுக்குகிறவனை 'விளையாட்டு வீரன்' என்பது. இரண்டு பேரில் யார் அந்த மடுவுக்கு அதிகக் கெடுதல் செய்கிறார் என்று மேலே சொன்ன உயிரியலை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

கடைசி வாதம்: 'ஆய்வு முடிவுகள் முழுசாக வரட்டும்.' எட்டு வருடத்தில் வளர்கிற மீனுக்கு ஏற்பட்ட சேதம் புள்ளிவிவரத்தில் தெளிவாகத் தெரிய எத்தனை வருடமாகும்? அதுவரை கருவி விற்றுக்கொண்டே இருக்கும். சந்தேகத்தின் பலனைக் கருவிக்குக் கொடுப்பதா, மீனுக்குக் கொடுப்பதா? இத்தனை நாள் கேட்காமலேயே கருவிக்குக் கொடுத்துவிட்டோம்.

*

இந்த ஆற்றைக் காப்பாற்றியவர்களில் தூண்டில்காரர்கள் முக்கியமானவர்கள். 1920-களில் இதன் தாழ்நிலங்களை வடித்து விவசாய நிலமாக்க ஒரு திட்டம் வந்தது. அதை எதிர்த்து ஐசக் வால்டன் லீக் என்ற மீன்பிடிப்பாளர் அமைப்பும் அதன் நிறுவனர் வில் டில்கும் கிளம்பினார்கள். அவர்களுடைய நெருக்கடியால் 1924-ல் மேல் மிசிசிப்பி தேசிய வனவிலங்கு, மீன் புகலிடம் உருவானது. வபாஷாவிலிருந்து 261 மைல் நீளம். ஒனலாஸ்கா ஏரியும் அதற்குள் வருகிறது. டில்க் சூழலியல் பட்டம் படித்தவரில்லை, சிகாகோவில் விளம்பரத் தொழிலில் இருந்தவர், மீன் பிடிக்கிற பைத்தியம். புகலிடம் என்ற சொல்லை அந்த ஆற்றின்மேல் எழுதியது அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுடைய வாரிசுகளிடம்தான் கேட்கிறேன். உள்ளே ஒண்டியிருப்பவை எல்லாமே திரையில் தெரிகிற இடத்துக்குப் புகலிடம் என்று எப்படிப் பேர் சொல்வீர்கள்?

கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. வருடத்தில் சுமார் மூன்று மாதம். ஓட்டமில்லாத ஒதுக்குநீர் மட்டும். பக்கவாட்டில் பார்க்கிற சோனார் ஒன்று மட்டும். ஃபிளாஷர், ஆகர், கூடாரம், வாளி எல்லாம் அப்படியே இருக்கட்டும். தினவரம்பும் 15-லேயே இருக்கட்டும். இரண்டு மாநில மீன்வளத் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்தால் இதை எழுத ஒரு பக்கம் போதும். 2020-ல் அப்படி உட்கார்ந்துதான் 25-ஐ 15 ஆக்கினார்கள்.

தடை வந்தால் சிலருக்கு மீன் குறைவாகக் கிடைக்கும். சில நாள் ஒன்றுமே கிடைக்காது. கிராப்பி கொத்தும்போது நரம்பு கீழே இழுபடாது. அது மேல்நோக்கி வந்து இரையை எடுப்பதால் நரம்பு லேசாகத் தொய்யும், அவ்வளவுதான் அடையாளம். அந்தத் தொய்வைக் கவனிக்க மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளுங்கள். வாளிமேல் உட்கார்ந்திருந்த உங்கள் தாத்தாக்களுக்கு அது தெரிந்திருந்தது.